காற்றுக்குக் கூட்டும் வேகம்: 5 நாட் போதும், 15 ஆகாது

கேள்வி: மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள பயிற்சி நிலையத்தில் செஸ்னா 172எஸ் ஓட்டப் பழகுகிறேன். 38 மணி நேரம் ஆகியிருக்கிறது. முதல் சோலோ (தனியாகப் பறப்பது) ஏப்ரலில் முடிந்தது. ஆனி பிறந்ததிலிருந்து காற்று விடவில்லை. எங்கள் ஓடுபாதை 04/22 (040, 220 பாகைத் திசைகள்). மதியம் போனால் 260 பாகையிலிருந்து 14 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), கஸ்ட் (திடீர் வீச்சு) 24 என்று டவர் சொல்கிறது. "வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வா" என்கிறார் இன்ஸ்ட்ரக்டர். 75, 80-ல் வருகிறேன். ஃபிளேர் செய்ததும் (தொடுமுன் மூக்கை உயர்த்தியதும்) விமானம் மிதந்துகொண்டே போகிறது, திடீரென்று பத்தடி எழும்புகிறது. மூக்கை அழுத்தி இறக்கினால் முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளுகிறது. போன வாரம் ஒரு தரையிறக்கத்தில் மூன்று துள்ளல். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) எவ்வளவு, கிராபா ஸ்லிப்பா (குறுக்குக்காற்றுக்கு மூக்கைத் திருப்பி வருவதா, இறக்கையைச் சாய்த்து வருவதா), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறுவது) எப்போது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேசாமல் ஆவணி வரை சோலோவை ஒத்திப்போடலாமா ஐயா? (பெயர் வேண்டாம்)

பதில்:

"75, 80-ல் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கல் முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. மிதப்பது, எழும்புவது, முன்சக்கரம் முதலில் படுவது, துள்ளுவது எல்லாம் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும் ஒரே சங்கிலி. கூடுதல் வேகத்தோடு வந்தால் விமானம் இறங்க மறுக்கும். இறங்க மறுக்கும் விமானத்தை, யோக் என்னும் கைப்பிடியைத் தள்ளி இறக்கத் தோன்றும். தள்ளினால் முன்சக்கரம் முதலில் படும். சங்கிலியின் முதல் கண்ணியைக் கழற்றினால் மற்றவை தாமாகவே விழுந்துவிடும். ஆகவே வேகக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

கஸ்ட்டுக்காக எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. கஸ்ட் வேகத்திலிருந்து சராசரி வேகத்தைக் கழியுங்கள். வருவதில் பாதியை உங்கள் வழக்கமான அணுகுவேகத்தோடு கூட்டுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு 24-இல் 14 போக 10, அதில் பாதி 5. 172எஸ்-இன் கையேடு சாதாரண அணுகலுக்குத் தரும் வேகம் ஃபிளாப் இல்லாமல் 65 முதல் 75 நாட், முழு ஃபிளாப்போடு 60 முதல் 70 நாட். உங்கள் பள்ளியின் வழக்கமான வேகம் 65 என்றால் அன்றைக்கு உங்கள் எண் 70. அவ்வளவுதான். "கொஞ்சம் கூட்டி வா" என்று சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் "கொஞ்சம்" என்பது எண் அல்ல. ஓடுபாதைக்கு நேரான கடைசிக் கட்டமான ஃபைனலுக்குத் திரும்புமுன் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இன்றைக்கு எழுபது."

ஏன் முழு வித்தியாசத்தையும் கூட்டுவதில்லை? கஸ்ட் ஓயும் நொடியில் எதிர்காற்று குறைந்து, வேகமானியில் சில நாட் சட்டென்று விழும். அந்த வீழ்ச்சி ஸ்டால் வேகத்தின் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகத்தின்) பக்கம் கொண்டுபோய்விடாமல் காப்பதற்குத்தான் இந்தக் கூடுதல். பாதி அதற்குப் போதும். அதற்கு மேல் கூட்டுவதெல்லாம் தரையருகே நீங்கள் செலவழித்தாக வேண்டிய கடன். விமானத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 65-க்குப் பதில் 70-இல் வந்தால் 16 சதவீதம் அதிகம், 75-இல் 33 சதவீதம், 80-இல் 50 சதவீதத்துக்கும் மேல். இறக்கையின் தூக்குவிசையும் அதே வர்க்கக் கணக்குத்தான். 80-இல் வந்து ஓடுபாதைக்கு மூன்றடி மேலே ஃபிளேர் செய்தால், அந்த ஆற்றல் கரையும்வரை விமானம் தரையில் உட்காராது. இறக்கை நீளத்துக்குள், அதாவது 172-க்கு 36 அடி உயரத்துக்குள் வந்துவிட்டால் இழுவிசை குறைந்துவிடும், கரைவது இன்னும் தாமதமாகும். அப்படி மிதக்கும் ஒவ்வொரு நொடியும் அடுத்த கஸ்ட்டுக்கு வாசலைத் திறந்து வைப்பதுதான். பத்தடி எழும்பியதற்குக் காற்றைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் 55-இல் சக்கரம் தரையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் உங்கள் இறக்கை இன்னும் 70-இல் பறந்துகொண்டிருந்தது.

காற்று அறிக்கையைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல மாணவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். விமானநிலைய வானிலை அறிக்கையான மெட்டாரில் கஸ்ட் என்று குறிப்பிட வேண்டுமானால் கடந்த 10 நிமிடத்தின் உச்சம் சராசரியைவிடக் குறைந்தது 10 நாட் கூடியிருக்க வேண்டும். 9 நாட் கூடி அடித்தால் அறிக்கையில் வெறும் "14 நாட்" என்றுதான் இருக்கும். கஸ்ட் என்று எழுதவில்லை என்பதற்காகக் காற்று சீராக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தரையிறங்கும்போது டவர் சொல்வது 2 நிமிடச் சராசரி, அதுவும் நீங்கள் ஃபிளேர் செய்யும் நொடியின் காற்று அல்ல. ஃபைனலில் ஒருமுறை காற்றைக் கேளுங்கள், பிறகு காற்றுப்பையைப் பாருங்கள். பெரும்பாலான காற்றுப்பைகள் 15 நாட் வாக்கில் முழுக்க நீண்டு நிற்கும். பை நீண்டு, தொங்கி, திசை மாறி மறுபடி நீண்டால், அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் கஸ்ட் இருக்கிறது.

அடுத்தது குறுக்குக்காற்று. ஓடுபாதை 22, காற்று 260, இடைக்கோணம் 40 பாகை. மனக்கணக்குக்குக் கடிகார முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்: 15 பாகை என்றால் கால் பங்கு, 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் முழுக்காற்றும் குறுக்கே. 40 பாகைக்கு மூன்றில் இரண்டு பங்கு. 14 நாட்டுக்குச் சுமார் 9, 24 நாட்டுக்குச் சுமார் 16. துல்லியமாகச் சைன் போட்டால் 9-ம் 15.4-ம் வரும். 172எஸ்-இல் சோதனை விமானி செய்து காட்டிய குறுக்குக்காற்று 15 நாட். இது சட்டப்படியான உச்சவரம்பு இல்லைதான், ஆனால் சோதனை விமானி தொட்ட எண்ணை 38 மணி நேர மாணவர் கஸ்ட்டோடு சேர்த்துத் தாண்டக் கூடாது. குறுக்குக்காற்றுக் கணக்கில் எப்போதும் கஸ்ட்டையே வையுங்கள், சராசரியை வைக்காதீர்கள். சக்கரம் தொடும் நொடியில் அடிப்பது எது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் பள்ளியில் செஸ்னா 152-உம் இருந்தால் அதன் எண் 12 என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, நீங்கள் சொல்லும் அந்த மதியக் காற்றில் சோலோ கூடவே கூடாது. இன்ஸ்ட்ரக்டரோடு மட்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் விமானியின் வேலையில் சேர்த்திதான். உங்கள் பகுதிக்கு இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பிதுங்கி வேகமெடுத்துக் கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமே அதுதான். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று கனத்துப் படிந்துவிடும். மேலே பலமாக வீசும் காற்று கீழே இறங்காது. வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலும் கீழும் கலக்கத் தொடங்கியதும் மேலேயுள்ள வேகம் துண்டு துண்டாகத் தரைக்கு வரும். நீங்கள் உணரும் கஸ்ட் அதுதான். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே காற்றின் சராசரி வேகமும் பெரும்பாலும் குறைவு, சீராகவும் இருக்கும். சோலோவை அந்த நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். பத்து மணிக்கு மேல் கிடைக்கும் சார்ட்டிகளை (பறப்புகளை) இன்ஸ்ட்ரக்டரோடு கஸ்ட் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஆவணி வரை ஒத்திப்போட வேண்டாம். ஒத்திப்போட்டால் அடுத்த ஆனியிலும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

சோலோவுக்கு ஒரு வரம்பு கேட்டால் இப்படிச் சொல்வேன்: இந்த அனுபவத்துக்குக் கஸ்ட் உள்பட மொத்தக் காற்று 15 நாட்டுக்குள், குறுக்குக்காற்று 7-க்குள். உங்கள் பள்ளியின் பயிற்சிக் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் வரம்பு, பேச்சே இல்லை.

இனி சர்க்யூட், அதாவது இறங்குவதற்கு முன் ஓடுபாதையைச் சுற்றி வரும் பாதை. காற்று நாளில் தரையிறக்கம் கெடுவது பெரும்பாலும் டவுன்விண்டிலேயே (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதியிலேயே) தொடங்குகிறது. 22-க்கு இடப்புறச் சர்க்யூட்டில் டவுன்விண்ட் 040. காற்று உங்கள் இடப்பக்கப் பின்புறத்திலிருந்து வந்து ஓடுபாதையை விட்டு விலக்கித் தள்ளும். மூக்கை ஓடுபாதை பக்கம் 5 முதல் 10 பாகை திருப்பி வைக்காவிட்டால் பேஸ் (ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பகுதி) தேவையில்லாமல் நீளும். பின்காற்று வேறு சேர்ந்து 90 நாட் காட்டும்போது தரைவேகம் 100-ஐத் தாண்டியிருக்கும். அமைதியான நாளில் பேஸுக்குத் திரும்பும் அதே அடையாளத்தில் திரும்பினால் தாமதம்தான். முன்கூட்டியே திரும்புங்கள், ஏனென்றால் பேஸிலும் ஃபைனலிலும் எதிர்காற்று உங்களைப் பின்னுக்கு இழுக்கும். வலப்புறச் சர்க்யூட் கொடுத்தால் கதை மாறுகிறது. பேஸ் 130, காற்று பின்னாலிருந்து. ஃபைனலைத் தாண்டிப் போவது அங்கேதான் நடக்கும். தாண்டினால் தாண்டட்டும். சாய்வை 30 பாகைக்கு மேல் கூட்டாதீர்கள், ரட்டரால் (காலால் இயக்கும் வால் சுக்கானால்) மூக்கை இழுத்துத் திருப்பாதீர்கள். தாழ்வான உயரத்தில் குறைந்த வேகத்தில் ரட்டரை அழுத்திய திருப்பம் ஸ்பின்னில் (சுழன்று விழுவதில்) கொண்டுபோய் விடும், அங்கிருந்து மீள உயரம் போதாது. பெரிதாகத் தாண்டிவிட்டால் அந்த இடத்திலேயே கோ-அரவுண்ட்.

ஃபிளாப்பைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு, எல்லோரும் வேறு வேறு நாளை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். கையேடு சொல்வது தெளிவாக இருக்கிறது: பலத்த குறுக்குக்காற்றில், ஓடுபாதை நீளத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஃபிளாப். உங்கள் ஓடுபாதையில் ஜெட் விமானமே இறங்க இடம் இருக்கும். ஆகவே 20 பாகை வையுங்கள். முழு 30-ஐ வைத்தால் கஸ்ட் ஒவ்வொன்றுக்கும் விமானம் அதிகம் எழும்பும், கோ-அரவுண்டில் முதலில் கழிக்க வேண்டிய சுமையும் அதுவே. 20-க்கு மேல் ஃபிளாப் வைத்துச் செங்குத்தாக ஸ்லிப் செய்தால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) லேசாக அலைபாயக்கூடும் என்றும் கையேடு எச்சரிக்கிறது. குறுக்குக்காற்றில் ஸ்லிப் செய்தாக வேண்டிய உங்களுக்கு அதுவும் ஒரு காரணம். ஃபிளாப் இல்லாமலே வரலாமா என்றால், வரலாம், ஆனால் மூக்கு உயர்ந்து ஓடுபாதை மறையும், மிதப்பு நீளும். இப்போதைக்கு வேண்டாம்.

ஃபைனலில் வேகமானி முள் 64-க்கும் 76-க்கும் நடுவே ஆடும். அதைத் துரத்தாதீர்கள். முள் ஏறியதும் மூக்கைத் தூக்கி, இறங்கியதும் தாழ்த்தினால் நீங்கள் எப்போதும் ஒரு கஸ்ட் பின்தங்கியே இருப்பீர்கள். மூக்கின் நிலையைப் பிடித்து வையுங்கள், 70-க்கு டிரிம் செய்யுங்கள் (கை அழுத்தாமலே அந்த வேகம் நிற்கும்படி அமையுங்கள்), பவரை ஒரு மதிப்பில் நிறுத்துங்கள். அமைதியான நாளில் 1500 ஆர்பிஎம் வாக்கில் வைப்பவராயின் எதிர்காற்றுக்கு 100, 200 கூடும். முள் ஆடட்டும், ஆட்டத்தின் நடுப்புள்ளி 70-இல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நடுப்புள்ளியே இறங்கத் தொடங்கி இரண்டு நொடி ஆகியும் மீளவில்லை என்றால் பவர். யோக்கை இறுக்கிப் பிடித்தால் உங்கள் நடுக்கமும் விமானத்துக்குப் போகும். டிரிம் சரியாக இருந்தால் இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும். மற்றக் கை, பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை விட்டு எடுக்கக் கூடாது, ஓடுபாதையை விட்டு வெளியேறும்வரை.

கடைசி 300 அடியில் இன்னொன்று காத்திருக்கிறது. தரை உராய்வால் காற்று கீழே இறங்க இறங்கக் குறையும். 300 அடியில் 20 நாட் எதிர்காற்று தரையருகே 12 ஆகிவிட்டால் அந்த 8 நாட் உங்கள் வேகமானியிலிருந்து போகும். ஓடுபாதைக்குக் காற்றுவரும் பக்கத்தில் ஹேங்கரோ தென்னந்தோப்போ இருந்தால் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கு மேலும் சுழல் நீளும். அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு அமிழ்வு வரும் என்று எதிர்பார்த்து, த்ராட்டிலை மூடாமல் வாருங்கள். காற்று நாளில் பவரை முழுக்க எடுப்பது ஃபிளேருக்குள் போன பிறகுதான், அதையும் மெதுவாக.

கிராபா ஸ்லிப்பா என்ற சண்டைக்கு இரண்டும் என்பதே விடை, நேரம்தான் வேறு. ஃபைனல் முழுக்க கிராபில் வாருங்கள்: இறக்கைகள் சமமாக, மூக்கு காற்றின் பக்கம், பாதை சென்டர்லைனில். சுமார் 200 அடியில் ஸ்லிப்புக்கு மாறுங்கள். காற்று வலப்பக்கம் என்பதால் இடது ரட்டரை அழுத்தி மூக்கை ஓடுபாதையோடு நேராக்குங்கள், அதே நேரத்தில் வலது இறக்கையைச் சாய்த்து நகர்வை நிறுத்துங்கள். மூக்கு எங்கே பார்க்கிறது என்பது காலின் வேலை, விமானம் எங்கே நகர்கிறது என்பது கையின் வேலை. இரண்டையும் குழப்பாதீர்கள். தேர்ந்தவர்கள் ஃபிளேரில் கடைசி நொடியில் கிராபை நேராக்கி இறக்குவார்கள். கஸ்ட்டில் அதற்கு நேரக்கணிப்பு மிகத் துல்லியமாக வேண்டும், மாணவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 200 அடியிலேயே ஸ்லிப்புக்கு மாறுவதில் இன்னொரு பெரிய பயன் உண்டு: இடது ரட்டரை முழுக்க அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்றால், இந்தக் காற்று இந்த விமானத்தின் சக்திக்கு மீறியது என்று அங்கேயே தெரிந்துவிடும். மேலே ஏறி, காற்று குறையக் காத்திருங்கள் அல்லது வேறு ஓடுபாதைக்குப் போங்கள். ஸ்லிப் இழுவிசையைக் கூட்டும், அமிழ்வும் கூடும். அதற்கும் சேர்த்துப் பவரில் கொஞ்சம் வேண்டும்.

ஃபிளேரில் கண் ஓடுபாதையின் தொலைக்கோடியில் இருக்கட்டும். மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் உயரம் தெரியாது, வேகமானியை இனிப் பார்க்கவே வேண்டாம். வழக்கத்தைவிடச் சிறிய ஃபிளேர் போதும், இழுப்பதும் மெதுவாக. அப்போது கஸ்ட் வந்து தூக்கினால் செய்ய வேண்டியது ஒன்று, செய்யவே கூடாதது ஒன்று. யோக்கைத் தள்ளக் கூடாது. பின்னிழுப்பைச் சற்றே தளர்த்தி, மூக்கை அந்த நிலையிலேயே நிறுத்தி, த்ராட்டிலை ஒரு விரல் அகலம் முன்னே கொண்டுபோங்கள். தூக்கிய கஸ்ட் ஓயும்போது விமானம் திடுமென்று அமிழும், அதைத் தாங்குவதற்குத்தான் அந்தப் பவர். மூன்று நான்கடி எழும்பியது என்றால் இப்படிச் சமாளித்து மறுபடி உட்கார வைக்கலாம். பத்தடி எழும்பி, வேகம் கரைந்து, மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தால் அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். முழு த்ராட்டில்.

தொடும்போது வலது பிரதானச் சக்கரம் முதலில், பிறகு இடது, கடைசியில் முன்சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது தவறுபோலத் தோன்றும், குறுக்குக்காற்றில் அதுதான் சரி. முன்சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: செஸ்னாவில் முன்கால் நீண்டிருக்கும்வரை அந்தச் சக்கரம் தானாக நேராக நிற்கும். பைப்பர் பிஏ-28 ரகத்தில் முன்சக்கரம் ரட்டர் பெடலோடு நேரடியாகப் பிணைந்தது. ரட்டர் அழுத்தியபடி முன்சக்கரத்தை வைத்தால் வெட்டித் திரும்பும், வைப்பதற்கு முன் காலைச் சமமாக்க வேண்டும். பின்னாளில் விமானம் மாறும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சக்கரம் தொட்டதும் தரையிறக்கம் முடிந்துவிட்டதென்று கையைத் தளர்த்துகிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் பெரும்பாலானோர் தளர்த்துகிறார்கள். வேகம் குறையக் குறைய எய்லரானின் (இறக்கையைச் சாய்க்கும் தகட்டின்) பலம் குறையும், ஆகவே யோக்கை வலப்பக்கம் மேலும் மேலும் திருப்பி முழுக்கோடி வரை கொண்டுபோங்கள். காற்று வாலைத் தள்ளுவதால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைக் காலால் பிடியுங்கள். காரின் ஸ்டீயரிங்போல யோக்கை இடப்பக்கம் திருப்பினால் வலது இறக்கை காற்றில் எழும்பிவிடும், விமானம் சாய்ந்து இடது இறக்கை நுனி தரையில் உரசுவது இப்படித்தான். பிரேக்கை உடனே மிதிக்காதீர்கள், இறக்கையில் தூக்குவிசை மிச்சமிருக்கும்போது சக்கரத்தில் பாரம் இல்லை, பூட்டிக்கொண்டு டயர் தேய்ந்துபோகும். ஓடும்போதே ஃபிளாப்பை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மாணவரின் கை அந்த நொடியில் த்ராட்டிலிலும் யோக்கிலும் இருப்பது மேல். ஓடுபாதையை விட்டு வந்த பிறகு எடுங்கள். டாக்ஸியிலும் (தரையில் ஓட்டிச் செல்லும்போதும்) காற்று முன்னாலிருந்து வந்தால் யோக் காற்றின் பக்கம், பின்னாலிருந்து வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி முன்னே தள்ளிய நிலையில்.

துள்ளல் பற்றி. ஓரடி, இரண்டடித் துள்ளல் என்றால் மூக்கின் நிலையை மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள், மறுபடி உட்காரும். அதற்கு மேல் என்றால் முழு த்ராட்டில். துள்ளியதும் மனித இயல்பு யோக்கைத் தள்ளுவது. விமானம் ஏற்கனவே கீழே வரத் தொடங்கியிருக்கும், உங்கள் தள்ளலும் அதோடு சேர்ந்து முன்சக்கரத்தை அறையும். அடுத்த துள்ளல் முந்தையதைவிடப் பெரிது, மூக்கு இன்னும் செங்குத்து. கையின் எதிர்வினை எப்போதும் அரை நொடி பிந்துவதால் ஒவ்வொரு முறையும் தவறான நேரத்தில் தள்ளியும் இழுத்தும் ஆட்டத்தை நீங்களே வளர்க்கிறீர்கள். மூன்றாவது நான்காவது துள்ளலில் முன்கால் மடங்குவதும் புரொப்பெல்லர் தரையில் அடிப்பதும் நடக்கும். போன வாரம் மூன்றோடு நின்றது. முதல் துள்ளலிலேயே த்ராட்டில் போயிருக்க வேண்டும்.

கோ-அரவுண்ட் எந்த இடத்தில் என்று கேட்டீர்கள். இடத்தை வானத்தில் தேடாதீர்கள், தரையிலேயே முடிவு செய்துவிட்டு ஏறுங்கள். 300 அடியில் சென்டர்லைனில் இல்லை என்றால், வேகத்தின் நடுப்புள்ளி உங்கள் எண்ணைவிட 10 கூடவோ 5 குறையவோ இருந்தால், 200 அடியில் ரட்டரால் மூக்கு நேராகவில்லை என்றால், ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடவில்லை என்றால், இரண்டடிக்கு மேல் துள்ளினால் போக வேண்டியதுதான். இவற்றில் எதற்கும் அந்த நேரத்தில் யோசனை தேவையில்லை.

செய்முறை: த்ராட்டில் முழுக்க. மூக்கு வலுவாக மேலே எழும், ஏனென்றால் டிரிம் 70-க்கு, இறக்கத்துக்கு வைத்தது. அதை முன்னே தள்ளிப் பிடியுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டர். இங்கே கவனம்: அதுவரை உங்கள் கால் இடது ரட்டரில் இருந்தது. ஸ்லிப்பிலிருந்து கோ-அரவுண்டுக்குப் போகும்போது இடது காலை எடுத்து வலது காலுக்கு மாற வேண்டும். வலப்பக்கக் காற்றில் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. 30 பாகை ஃபிளாப் இருந்தால் உடனே 20. வேகம் 60, ஏற்றம் உறுதியானதும் 10. தடைகளைத் தாண்டிப் பாதுகாப்பான உயரமும் 65 நாட்டும் வந்ததும் மிச்சத்தை எடுங்கள். ஒரே இழுப்பில் எல்லா ஃபிளாப்பையும் எடுத்தால் விமானம் அமிழ்ந்து ஓடுபாதையிலேயே உட்காரும். இரண்டு கோ-அரவுண்டுக்குப் பிறகும் இறங்க முடியவில்லை என்றால் மூன்றாவதைச் சோர்வோடு முயலாமல் மேலே காத்திருங்கள், அல்லது பக்கத்து விமானநிலையத்துக்குப் போங்கள். அதற்கு எரிபொருள் இருக்க வேண்டும். காற்று நாளில் வழக்கமான இருப்புக்கு மேல் 45 நிமிடம் கூடுதலாக நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். எரிபொருள் குறைந்தவருக்குக் கோ-அரவுண்ட் செய்ய மனம் வராது.

அடுத்த மூன்று நான்கு சார்ட்டிகளில் இன்ஸ்ட்ரக்டரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, 3000 அடியில் 20 பாகை ஃபிளாப்போடு 65-இல் பறந்து, ஒரு இறக்கையைச் சாய்த்து எதிர் ரட்டரால் மூக்கை ஒரு மலைமுகட்டில் நிறுத்திப் பழகுவது, வலமும் இடமும். இரண்டாவது, தரையிறங்காமலேயே ஓடுபாதைக்குப் பத்தடி மேலே பவரோடு சென்டர்லைனில் முழுநீளமும் பறப்பது. தொட வேண்டும் என்ற அவசரம் இல்லாததால் கையும் காலும் தனித்தனியே வேலை செய்வது இதில் தெளிவாகப் புரியும், நூறு தரையிறக்கத்தில் கிடைக்காத பயிற்சி ஐந்தாறு முறையில் கிடைக்கும். கஸ்ட் மிதமான காலையில் தொடங்குங்கள். மூன்றாவது, ஃபிளேரிலிருந்து கோ-அரவுண்ட், இன்ஸ்ட்ரக்டர் எதிர்பாராமல் கேட்கும்படி.

கடைசியாக, இதை முதலில் செய்யுங்கள். போன வாரத்து மூன்று துள்ளலையும் இன்ஸ்ட்ரக்டரும் பொறியாளரும் அறிவார்களா? விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதப்பட்டதா? 172-இல் முன்சக்கரம் அறைபட்டால் சேதம் முதலில் தெரிவது காலில் அல்ல, அது பொருத்தப்பட்ட ஃபயர்வாலில் (என்ஜினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகட்டில்). தகடு சுருங்கியிருக்கும், ரிவெட் தளர்ந்திருக்கும், என்ஜின் மூடியான கவுலிங்கைக் கழற்றாமல் வெளியே தெரியாது. புரொப்பெல்லர் நுனியும் டயரும் பார்க்கப்பட வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் இன்றே சொல்லுங்கள், அந்தச் சோதனை முடியும்வரை அதில் யாரும் ஏறக் கூடாது. நாளைக் காலை அதே விமானத்தில் சோலோ போகப்போவது உங்களோடு படிக்கும் இன்னொருவராக இருக்கலாம்.